விகிதம் சரி, சுற்று குறைவு: ஒரு டிரான்ஸ்பார்மரை மறுபடி கட்டிய அனுபவம்

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்பார்மர் கருகிப்போனதால் அதை ஒரு பட்டறையில் கொடுத்து மறுபடி காயில் கட்டி வாங்கினேன். உள்ளே 230 வோல்ட், வெளியே 12-0-12 வோல்ட், 3 ஆம்பியர் என்பது அதன் அளவு. வீட்டுக்குக் கொண்டுவந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது நடு முனையிலிருந்து இரு பக்கமும் 12.4 வோல்ட் காட்டியது. சுமை இல்லாதபோது சற்றுக் கூடுதலாகக் காட்டுவது முறைதான் என்பதால், வேலை சரியாகவே நடந்திருக்கிறது என்று நம்பினேன். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் பொருத்துவதற்கு முன்பு, இரண்டாம் பக்கத்தில் எதையும் இணைக்காமல் வெறுமனே மின்சாரம் கொடுத்து மேசைமேல் வைத்திருந்த ஒரு மணி நேரத்திலேயே அதன் இரும்பின்மேல் கை வைக்க முடியாத சூடு ஏறிவிட்டது. டப்பாவுக்குள் வண்டு அடைபட்டதைப் போன்ற இரைச்சலும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “வோல்ட் சரியா வருதுல்ல, அப்புறம் என்ன?” என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடி அதே டிரான்ஸ்பார்மரை அளந்து, பிரித்து, சுற்றுகளை எண்ணி, கடைசியில் நானே புதிதாகக் கட்டி முடித்தேன். அந்த வேலையில் கிடைத்த அளவுகளையும், அவற்றால் எனக்கு விளங்கியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டு டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொடுத்தேன். காயில் வேலை செய்பவர்கள் ‘சீரிஸ் லாம்ப்’ என்று சொல்லும் இந்த ஏற்பாடு எளியது என்றாலும் மிகவும் நம்பகமானது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியில் எரியும், எல்லாம் சரியாக இருந்தால் இழை சிவக்கவே சிவக்காது. என் பல்பு இரண்டுக்கும் நடுவில், மங்கிய சிவப்பாக நின்றது. பிறகு பல்பை எடுத்துவிட்டு, மீட்டரை ஆம்பியர் அளவில் தொடராக வைத்து நேரடியாக இணைத்தபோது, சுமையே இல்லாத அந்த டிரான்ஸ்பார்மர் 0.38 ஆம்பியர் இழுத்தது. முழுச் சுமையான 72 வாட்டைத் தரும்போது இழுக்க வேண்டிய அளவே ஏறத்தாழ 0.35 ஆம்பியர்தான். இந்த மின்னோட்டம் சீரான அலையாக இல்லாமல் கூர்முனைகளாக வருவதால் சாதாரண மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றாலும், ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்பதற்கு அதுவே போதுமான சான்றாக இருந்தது.

பிரிப்பதற்கு முன்பே சுற்று எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காயில் சுற்றும் சட்டமான பாபினுக்கும் இரும்புத் தகடுகளுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்ததால், அதன் வழியே மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்ட வயரை நுழைத்து, இருக்கும் காயில்களின் மேலேயே பத்துச் சுற்றுகள் சுற்றினேன். அதன் இரு முனைகளுக்கும் மற்ற எதனோடும் தொடர்பு இல்லை. இப்போது முதன்மைச் சுருளுக்கு (230 வோல்ட் உள்ளே போகும் காயில்) மின்சாரம் கொடுத்து அந்தப் பத்துச் சுற்று வயரின் முனைகளில் அளந்தபோது 4.29 வோல்ட் கிடைத்தது. அதே நேரத்தில் வீட்டு மின்சாரம் 232 வோல்ட். ஆக ஒரு சுற்றுக்கு 0.429 வோல்ட். 232ஐ 0.429ஆல் வகுத்தால் 541 வருகிறது. பின்னர் பிரித்து ஒவ்வொரு சுற்றாக எண்ணியபோது சரியாக 540 சுற்றுகள் இருந்தன. தொடர்பே இல்லாத ஒரு வயரில் பத்து முறை சுற்றியதால் மட்டும், மூடிக் கிடந்த காயிலின் எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது என்னை நெடுநேரம் வியப்பில் வைத்திருந்தது.

இது ஏன் இப்படி அமைகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இரும்புக்குள் ஓடும் காந்தப் பாயம், அதாவது அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, முதன்மைச் சுருள், துணைச் சுருள் (12 வோல்ட்டை வெளியே தரும் காயில்), நான் சுற்றிய வெறும் வயர் ஆகிய எல்லாவற்றின் ஒவ்வொரு சுற்றின் வழியாகவும் ஒரே அளவில் கடந்துசெல்கிறது. பாயம் மாறும் வேகம் எதுவோ அதுவே ஒரு சுற்றில் தூண்டப்படும் வோல்ட். பாயத்தின் அலகு வெபர்; நொடிக்கு ஒரு வெபர் வீதம் பாயம் மாறினால் ஒரு சுற்றில் ஒரு வோல்ட். சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து இருப்பதால் ஒவ்வொன்றின் வோல்ட்டும் கூடிக்கொண்டே போகிறது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1831 ஆகஸ்டு 29 அன்று மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் இரண்டு தனித்தனிக் காயில்களைச் சுற்றி, ஒன்றில் பாட்டரியை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டும் மற்றதோடு சேர்ந்த காந்த முள் துடிப்பதைக் கண்டார். இணைத்துவிட்டு அப்படியே விட்டால் முள் அசையவில்லை. பாயம் இருப்பது போதாது, அது மாற வேண்டும் என்பதை அந்த முள் காட்டியது. எனாமல் பூச்சால் மின்காப்பு செய்த கம்பி இல்லாத காலத்தில் அவர் கம்பிகளைப் பிரித்து வைக்க நூலையும் பருத்தித் துணியையும் பயன்படுத்தினார் என்பதை, தாள் வைத்து அடுக்கு அடுக்காகச் சுற்றிய நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

இனி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முதன்மைச் சுருளும் அதே பாயத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே அதிலும் வோல்ட் தூண்டப்படுகிறது. இந்தத் தூண்டப்பட்ட வோல்ட், நாம் கொடுக்கும் 230 வோல்ட்டுக்கு எதிராக நின்று ஏறத்தாழ அதற்குச் சமமாக இருந்தால்தான் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும். அதற்கு எவ்வளவு பாயம் தேவையோ அவ்வளவு பாயத்தை உண்டாக்கும் வரை காயில் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 540 சுற்றுகள் சேர்ந்து 230 வோல்ட்டை ஈடுகட்ட வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்றும் 0.426 வோல்ட்டைச் சுமக்க வேண்டும். நான் பின்னர் கட்டியதைப் போல 863 சுற்றுகள் இருந்தால் ஒவ்வொன்றும் 0.2665 வோல்ட் சுமந்தால் போதும். சுற்றுகள் குறைந்தால் ஒவ்வொன்றின் பங்கும் கூடுகிறது. பங்கு கூட வேண்டும் என்றால் பாயம் கூட வேண்டும். காயிலில் சுற்றுகளைக் கூட்டினால் காந்தம் வலுவாகும் என்று பாட்டரியும் ஆணியும் வைத்துச் செய்த பள்ளிச் சோதனையில் படித்தவர்களுக்கு (நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்) இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அந்த ஆணியில் மாறாமல் இருப்பது மின்னோட்டம். இங்கே மாறாமல் இருப்பது மாறுதிசை வோல்ட். வோல்ட் மாறாதபோது சுற்றுகளைக் குறைப்பதுதான் பாயத்தைக் கூட்டுகிறது.

பாயத்தின் அளவை எண்ணாகப் பார்க்க, காயில் கட்டுபவர்கள் பயன்படுத்தும் சமன்பாடு இது: வோல்ட் = 4.44 × அதிர்வெண் × சுற்றுகள் × உச்சப் பாயம். இதில் 4.44 என்ற எண், பை (π) என்ற எண்ணின் இரு மடங்கை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. சைன் அலையின் உச்ச வேகத்தைச் சராசரி வர்க்கமூல அளவுக்கு (மாறுதிசை மின்சாரத்தில் மீட்டர் காட்டும் அளவு) மாற்றும்போது தானாக வந்து சேர்கிறது. 230ஐ 4.44 × 50 × 540ஆல் வகுத்தால் 1.92 மில்லிவெபர் கிடைக்கிறது. என் டிரான்ஸ்பார்மரின் இரும்பு, காயில் ஏறும் நடுக்கால் 32 மில்லிமீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் அடுக்கு உயரமும் உடையது, பெருக்கினால் 12.8 சதுர சென்டிமீட்டர். தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சையும் காற்றையும் கழித்தால் உண்மையான இரும்பு ஏறத்தாழ 12 சதுர சென்டிமீட்டர்தான். 1.92 மில்லிவெபரை அந்தப் பரப்பால் வகுத்தால் பாய அடர்த்தி, அதாவது ஒரு சதுர மீட்டருக்கான பாயம், 1.6 டெஸ்லா. எங்கள் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் மின்சாரம் 245 வோல்ட் வரை ஏறுவது வழக்கம். அப்போது இதுவே 1.7 டெஸ்லா ஆகிவிடும்.

சாதாரண டிரான்ஸ்பார்மர்களில் வரும் சிலிக்கான் எஃகுத் தகடு 1.4 அல்லது 1.5 டெஸ்லாவைத் தாண்டியதும் தெவிட்டத் தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு சிறு கூடுதலுக்கும் மிக அதிக மின்னோட்டத்தை அது கேட்கிறது. இரைச்சலும் அதனால்தான், சூடும் அதனால்தான். 12.4 வோல்ட் எப்படிச் சரியாக வந்தது என்பதும் பிரித்தபோது தெரிந்தது: துணைச் சுருளில் பாதிக்கு 29 சுற்றுகள் வீதம் இருந்தன. 29க்கும் 540க்கும் உள்ள விகிதம் மிகச் சரியானது. வெளியே வரும் வோல்ட்டைத் தீர்மானிப்பது விகிதம் மட்டுமே என்பதால் மீட்டருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. இரும்பு எவ்வளவு பாயத்தைத் தாங்க நேர்கிறது என்பதை முதன்மைச் சுருளின் எண்ணிக்கைதான் சொல்லும். அதைக் கேட்கும் கருவி துணைச் சுருளில் வைத்த மீட்டர் அன்று. பட்டறைக்காரரின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

அவர் ஏன் 540இல் நிறுத்தினார் என்பதைப் பிரித்த காயிலைப் பார்த்தபோது ஓரளவு ஊகிக்க முடிந்தது. முதன்மைக்குத் தேவையைவிடத் தடித்த 24 கேஜ் கம்பி (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்); அடுக்கு பிடிக்காமல், தாள் வைக்காமல், நூல்கண்டில் நூல் சுற்றியதைப் போலத் தாறுமாறாகச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றினால் பாபின் சீக்கிரம் நிரம்பிவிடும். இடம் தீர்ந்ததும் சுற்றுகளைக் குறைத்து, அதற்கேற்பத் துணைச் சுருளையும் குறைத்திருக்கலாம். தடித்த கம்பி போட்டது நல்ல எண்ணத்தில்தான் இருக்க வேண்டும்; ஆனால் குறைந்த சுற்றுகளின் கேட்டைத் தடித்த கம்பியால் ஈடுகட்ட முடியாது.

கோவைப் பக்கம் பம்பு மோட்டார் காயில் கட்டும் பட்டறைகள் நிறைய இருப்பதால் கம்பியை எடைக்கு வாங்குவதும், சுற்றுகளை எண்ணும் கவுண்டர் பொருத்திய கை மெஷினை இரவல் கேட்பதும் எங்களுக்கு எளிது. மெஷினை இரவல் கொடுத்த அண்ணன், நான் காகிதத்தில் போட்டு வைத்திருந்த நீண்ட கணக்கைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு எதுக்கு தம்பி? இரும்போட பரப்பைச் சென்டிமீட்டர்ல எடு. 45ஐ அதால வகு. வோல்ட்டுக்கு எத்தனை சுத்துன்னு வந்துடும்” என்றார். 45ஐ 12ஆல் வகுத்தால் 3.75. 230 வோல்ட்டுக்கு 863 சுற்றுகள். என் நீண்ட கணக்கிலும் அதே 863தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்த 45 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பாய அடர்த்தியை 1 டெஸ்லா என்றும் அதிர்வெண்ணை 50 என்றும் வைத்து, சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக மாற்றினால், 10,000ஐ 4.44 × 50ஆல் வகுக்க வேண்டியிருக்கிறது, விடை 45.05. பழைய ஆட்கள் பரப்பைச் சதுர அங்குலத்தில் எடுத்து 7ஐ வகுப்பதும் இதே கணக்குதான், ஏனெனில் ஒரு சதுர அங்குலம் 6.45 சதுர சென்டிமீட்டர். ஆகவே அந்த 45 ஏதோ வழிவழியாக வந்த மந்திர எண் அன்று. இரும்பை 1 டெஸ்லாவில் நிறுத்தி வைப்பது என்ற ஒரு முடிவு அதற்குள் இருக்கிறது. இரவில் வோல்ட் ஏறினாலும், தகட்டின் தரம் தெரியாவிட்டாலும், தெவிட்டு நிலைக்குப் போக நிறைய இடம் விட்டிருக்கும் நல்ல முடிவு அது. நல்ல தகடு என்று உறுதியாகத் தெரிந்தால் 38 வரை இறங்கலாம். அதற்குக் கீழே நான் போக மாட்டேன்.

இந்த எண்களை ஒரு முறை கையால் சரிபார்த்தது எனக்கு மிகப் பெரிய தெளிவைத் தந்தது. 1 டெஸ்லா, 12 சதுர சென்டிமீட்டர் என்றால் உச்சப் பாயம் 1.2 மில்லிவெபர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது ஒரு திசை உச்சத்திலிருந்து எதிர்த்திசை உச்சத்துக்கு 10 மில்லிநொடியில் போகிறது, அதாவது 2.4 மில்லிவெபர் மாற்றம், நூறில் ஒரு நொடியில். வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சராசரி 0.24 வோல்ட். சைன் அலையில் மீட்டர் காட்டும் அளவு சராசரியைப் போல 1.11 மடங்கு, பெருக்கினால் 0.2664. அதை 863ஆல் பெருக்கினால் 229.9 வோல்ட். சமன்பாடு எதையும் மனப்பாடம் செய்யாமல், பாயம் போய்வரும் தூரத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டே இந்த இடத்துக்கு வந்துவிட முடிகிறது.

துணைச் சுருளுக்கு 12 × 3.75 என்றால் 45 சுற்றுகள். சுமை ஏறும்போது கம்பியின் தடையில் கொஞ்சம் வோல்ட் விழும் என்பதால் ஐந்து சதவீதம் போலக் கூட்டி, பாதிக்கு 47 என்று வைத்தேன். கம்பியின் தடிமன் மின்னோட்டத்தைப் பொறுத்தது. சதுர மில்லிமீட்டருக்கு 2.5 ஆம்பியர் என்ற கணக்கில் முதன்மைக்கு 26 கேஜ், அதாவது 0.457 மில்லிமீட்டர், துணைக்கு 18 கேஜ், 1.219 மில்லிமீட்டர். இரண்டிலும் கால் கிலோ வீதம் வாங்கினேன். பாபினில் கம்பி சுற்றும் அகலம் 44 மில்லிமீட்டர் இருந்ததால், எனாமலையும் சேர்த்து 26 கேஜில் ஓர் அடுக்குக்கு 88 சுற்றுகள். முதன்மை முழுவதும் பத்து அடுக்குகளில் முடிந்துவிடும். எல்லாம் சேர்ந்து பாபினின் ஆழத்தில் 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே போகும். 14 மில்லிமீட்டர் இடம் இருந்தது. அடுக்கு பிடித்துச் சுற்றினால் 863 சுற்றுகளும் தாராளமாகக் கொள்ளும் பாபின்தான் அது.

ஒவ்வோர் அடுக்குக்கும் மேல் ஒரு மெல்லிய இன்சுலேஷன் தாள் வைத்தேன். எனாமல் இருக்கும்போது தாள் எதற்கு என்று தோன்றலாம். ஓர் அடுக்கு இடமிருந்து வலமாகப் போய், அடுத்தது வலமிருந்து இடமாகத் திரும்புவதால், ஓர் ஓரத்தில் மேலும் கீழும் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு இடையே 176 சுற்றுகளின் வோல்ட் நிற்கிறது, 0.2664ஆல் பெருக்கினால் 47 வோல்ட், உச்சத்தில் 66. மேல் அடுக்கின் கம்பி ஓரத்தில் வழுக்கிக் கீழே இறங்கினால் எனாமல் மட்டுமே காவல். அது உரிந்து அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர், தடை 0.018 ஓம். அதில் தூண்டப்படுவது வெறும் 0.2665 வோல்ட்தான் என்றாலும், வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல் வருகிறது. 0.4 ஆம்பியர் போக வேண்டிய கம்பியில் 14 ஆம்பியர். பல டிரான்ஸ்பார்மர்கள் இப்படியும் கருகுகின்றன.

மெஷினில் சுற்றும்போது கம்பியை இடது கையின் இரு விரல்களுக்கு இடையே ஒரு துணித்துண்டோடு பிடித்து, சற்றுப் பின்னோக்கிச் சாய்த்து ஓட்டினால், புதிய சுற்று முந்தையதன்மேல் ஏறாமல் ஒட்டிப் படுக்கிறது. முன்னோக்கிச் சாய்ந்தால் இடைவெளி விழும். அதிகம் பின்னுக்குப் போனால் மேலே ஏறிவிடும். நான்காம் அடுக்கில்தான் அந்தக் கோணம் என் கைக்கு வந்தது. கவுண்டரை மட்டும் நம்பாமல் ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் எண்ணிக்கையைத் தாளின்மேல் பென்சிலால் எழுதியது நல்லதாகப் போயிற்று. ஆறாம் அடுக்கில் கவுண்டர் ஓரிடத்தில் நகராமல் நின்றதை அந்த எழுத்தால்தான் கண்டுபிடித்தேன். முதன்மை முடிந்ததும் இரண்டு மடிப்பு லெதராய்டு என்னும் கெட்டி இன்சுலேஷன் தாள் சுற்றி, பருத்தி நாடாவால் கட்டி, அதன்மேல் துணைச் சுருளைச் சுற்றினேன்.

துணைச் சுருளில் ஒரு தவறு செய்தேன். முதல் பாதியின் முடிவோடு இரண்டாம் பாதியின் தொடக்கத்தைச் சேர்த்தால்தான் நடு முனை கிடைக்கும். கம்பி முனைகளில் மாட்டும் உறைக்குழாய்களான ஸ்லீவ்களில் அடையாளம் போட மறந்துவிட்டு, இரண்டு முடிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். தகடுகளை அடுக்கி மின்சாரம் கொடுத்தபோது நடுவிலிருந்து இரு பக்கமும் 12.6 வோல்ட் தனித்தனியாகச் சரியாக இருந்தது. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்தால் பூஜ்யம். இரண்டு பாதிகளிலும் ஒரே பாயம் ஒரே அளவு வோல்ட்டைத் தூண்டுகிறது. ஒன்றை நான் தலைகீழாக இணைத்ததால் ஒன்றை மற்றது கழித்துவிட்டது. இணைப்பை மாற்றியதும் 25.3 வோல்ட் வந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அடுக்கு இடமாக நகர்கிறதா வலமாக நகர்கிறதா என்பதற்கும் இந்தத் திசைக்கும் தொடர்பே இல்லை. இரும்பை எந்தத் திசையில் சுற்றி வருகிறோம் என்பது மட்டுமே கணக்கு.

தகடு அடுக்குவதில் ஒரு சோதனையை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். முறைப்படி ஆங்கில E எழுத்து வடிவத் தகட்டை ஒரு முறை மேலிருந்தும் மறுமுறை கீழிருந்தும் மாற்றி மாற்றிச் செருகி, எதிர்ப்புறத்தில் I எழுத்து வடிவத் தகட்டை வைக்க வேண்டும். அப்போது ஒரு தகட்டின் இணைப்புக்கு மேல் அடுத்த தகட்டின் முழு இரும்பு வந்து அமர்கிறது. முதலில் எல்லா E தகடுகளையும் ஒரே பக்கமாகச் செருகி, I தகடுகளைக் கட்டாக எதிரே வைத்து இறுக்கி அளந்தேன். சுமையில்லா மின்னோட்டம் 95 மில்லி ஆம்பியர். பிறகு முறைப்படி மாற்றி மாற்றி அடுக்கியபோது அது 42 மில்லி ஆம்பியராக இறங்கியது. ஆனால் மேலே சுற்றியிருந்த பத்துச் சுற்றுச் சோதனை வயர் இரண்டு முறையும் ஒரே அளவையே காட்டியது: 2.67 வோல்ட். காற்று இடைவெளி வந்தால் பாயம் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன். குறையவில்லை. வோல்ட்டும் சுற்றும் கேட்கும் பாயத்தை இரும்பு கொடுத்தே தீர வேண்டியிருக்கிறது. இடைவெளியைத் தாண்டுவதற்கான கூடுதல் விலையைக் காயில் மின்னோட்டமாகச் செலுத்திவிடுகிறது.

முன்பு 380, இப்போது 42 மில்லி ஆம்பியர். ஒன்பது மடங்கு வேறுபாடு. சுற்றுகளின் வேறுபாட்டால் மட்டும் இது வந்துவிடாது. தெவிட்டு நிலை என்ற ஒன்று இல்லாவிட்டால், காந்தமாக்கும் மின்னோட்டம் சுற்றுகளின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில்தான் மாறும். 863இலிருந்து 540க்கு இறங்கினால் 42 என்பது 107 ஆக உயர்ந்திருக்கும், அவ்வளவே. மீதி முழுவதும் இரும்பு தெவிட்டியதற்குக் கொடுத்த விலை. புதிய முதன்மைச் சுருளின் தடையை மீட்டரில் அளந்தால் 16 ஓம்தான். பாயம் மாறாத நேர்மின்னோட்டத்தில் 230 வோல்ட் கொடுத்திருந்தால் 14 ஆம்பியர் பாய்ந்து நொடிகளில் கருகியிருக்கும். அதே காயிலில் மாறுதிசை மின்சாரத்தில் 42 மில்லி ஆம்பியர் மட்டும் பாய்வது தூண்டப்பட்ட எதிர் வோல்ட்டின் வேலை.

வார்னிஷில் முக்குவதற்கு முன்பு சுமை ஏற்றிப் பார்த்தேன். லாரி முகப்பு விளக்குக்கு வரும் 24 வோல்ட், 70 வாட் பல்பை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இணைத்ததும் 2.9 ஆம்பியர் பாய்ந்தது, வோல்ட் 25.3இலிருந்து 23.7க்கு இறங்கியது, முதன்மையில் மின்னோட்டம் 0.34 ஆம்பியர். சுமை ஏறினால் பாயமும் ஏறும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பத்துச் சுற்றுச் சோதனை வயர் அப்போது 2.61 வோல்ட் காட்டியது. பாயம் ஏறவில்லை; சிறிதளவு இறங்கியிருக்கிறது. துணைச் சுருளில் 94 சுற்றுகளில் 2.9 ஆம்பியர் பாயும்போது அது பாயத்தை எதிர்க்கிறது. எதிர்ப்பைச் சமன்செய்ய முதன்மையின் 863 சுற்றுகள் 0.316 ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் இரும்புக்கு எதுவும் தெரிவதில்லை. முதன்மையின் 16 ஓம் தடையில் ஐந்து வோல்ட் விழுவதால், காயில் ஈடுகட்ட வேண்டியது 225 வோல்ட் போலக் குறைகிறது. சோதனை வயரில் தெரிந்த இரண்டு சதவீத இறக்கம் அதுதான். தெவிட்டிய டிரான்ஸ்பார்மர் சுமையில்லாமலே சூடானதற்கு இதுவே காரணம்.

பிறகு வார்னிஷில் முக்கி, குமிழ்கள் நிற்கும் வரை வைத்திருந்து, வடியவிட்டு, 100 வாட் பல்பு எரியும் அட்டைப்பெட்டிக்குள் இரண்டு நாள் உலர்த்தினேன். வார்னிஷ் தகடுகளுக்கு இடையே இறங்கி இறுகியதும், மிச்சமிருந்த மெல்லிய இரைச்சலும் காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கும் அளவுக்குக் குறைந்தது. சீரிஸ் லாம்பில் இழை சிவக்கவில்லை. இரவு பதினோரு மணிக்கு வீட்டு மின்சாரம் 245 வோல்ட் காட்டியபோது சுமையில்லா மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியர். மூன்று மணி நேரம் கழித்தும் இரும்பு இளஞ்சூடாகவே இருந்தது.

கடைசியாக, ஆம்ப்ளிஃபயரில் பொருத்துவதற்கு முன்பு, சோதனை வயரின் பத்துச் சுற்றுகளையும் அவிழ்க்காமல் முனைகளை மட்டும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடி உள்ளேயே விட்டுவிட்டேன். டிரான்ஸ்பார்மரின் பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: இரும்பு 12 சதுர செ.மீ.; முதன்மை 863 சுற்று, 26 கேஜ்; துணை 47 + 47, 18 கேஜ்; சோதனை வயர் 10 சுற்று, 232 வோல்ட்டில் 2.67 வோல்ட், சுமையில்லா மின்னோட்டம் 42 மில்லி ஆம்பியர்.